வேகத்தின் வரவு செலவுக் கணக்கு

புணே நகருக்கு மாற்றலாகி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி, சாகன் என நகரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் வாகனத் தொழிற்சாலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் நிறைந்த ஊர் இது. கோத்ரூட் பகுதியின் குன்றின் மேல், 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமும் இங்கேதான் அமைந்துள்ளது. எனவே கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் எஞ்சினைப் பற்றிப் பேசினால் நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். வணிகவியல் படித்த எனக்கு அந்தப் பேச்சு தொடக்கத்தில் விளங்குவதில்லை. அதை எனக்கு விளங்கவைத்தவர், பன்னிரண்டு லட்ச ரூபாய் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்க வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்.

காரணம் கேட்டேன். "வீட்டில் அப்பாவின் கார் ஒன்று இருக்கிறது, சாஹேப். அதை ஒரே ஒரு முறை மணிக்கு 160 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்றார். பட்டறை ஒன்று பதினோரு லட்ச ரூபாய்க்கு விலைப்பட்டியல் கொடுத்திருந்தது. வைப்பு முதிர்வதற்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. அவருக்கு ஓய்வூதியம் இல்லை. அந்த வைப்பின் வட்டிதான் மாத வருமானத்தில் பெரும்பகுதி. அன்று தொடங்கிய உரையாடல் ஓராண்டுக்கு மேல் நீண்டது. அதில் நான் கற்றவை நம் வாசகர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

காரும் அதன் உறவும்

அந்தக் கார் 1964-இல் பதிவான ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே இருக்கைகள், 1,147 சி.சி. எஞ்சின்; எடை ஏறத்தாழ 700 கிலோ. தமிழக வாசகர்களுக்கு இதனுடன் ஓர் உறவு உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நினைவிருக்கலாம். அந்த ஹெரால்டின் சேசிஸை நீளத்தில் சுருக்கியே இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். ஆகவே முன்சக்கர அமைப்பின் பல பாகங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. ஹெரால்டுக்காக வாங்கி வைத்த பழைய பாகங்கள் இன்றும் ஸ்பிட்ஃபயர் உரிமையாளர்களுக்குக் கைகொடுக்கின்றன.

புதிதாக இருந்தபோது இந்தக் காரின் எஞ்சின் 63 குதிரைத்திறன் தந்தது. உச்சவேகம் மணிக்கு 148 கி.மீ. என்று கூறப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு அளந்தபோது, பின்சக்கரங்களுக்கு வந்து சேர்ந்தது 49 குதிரைத்திறன். இந்த 49-ஐக் கொண்டு 160-ஐத் தொட முடியுமா என்பதே கேள்வி. முடியாது, எஞ்சினின் திறனைக் கூட்ட வேண்டும் என்பது பட்டறையின் விடை.

வேகத்தின் விலை

எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்குக் காற்றுத்தடை என்பது என்னவென்று தெரியும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை இரு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. கூட்டுவட்டியைப் பார்த்துப் பழகிய எனக்கே இந்த வளர்ச்சி வியப்பளித்தது.

பொறியாளர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். காரின் வடிவத்தையும் முகப்பின் பரப்பையும் கொண்டு அவர் செய்த மதிப்பீட்டின்படி, காற்றை விலக்க மட்டும் ஆகும் திறன் இது: மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் 24 குதிரைத்திறன், 160-இல் 57, 200-இல் 110, 240-இல் 190-க்கும் மேல். டயர்கள் தரையில் உருள்வதற்கு 160-இல் மேலும் 7 தேவை. ஆகவே 160-ஐத் தொட 64 வேண்டும், கையிருப்போ 49. பற்றாக்குறை 15. இருப்பதைக் கொண்டு 145 வரைதான் போக முடியும்.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சினின் திறனை முப்பது விழுக்காடு உயர்த்துவது. பெரிய கார்புரேட்டர்கள், மாற்றிய கேம்ஷாஃப்ட், உயர்த்திய அழுத்த விகிதம், அவற்றைத் தாங்கும் புதிய பேரிங்குகள் என்று பதினோரு லட்சம் செலவாவது இந்த வழியில்தான். மற்றது, காற்றுத்தடையை இருபத்தைந்து விழுக்காடு குறைப்பது. அப்படிக் குறைத்தால் 160-இல் காற்றுக்கான செலவு 57-லிருந்து 42-ஆக இறங்கும். உருளலுக்கான 7-ஐக் கூட்டினால் 49. கையில் இருப்பதும் அதுவே.

குடும்பக் கணக்கில் துண்டு விழும்போது வருமானத்தை உயர்த்த வழி தேடுவதோடு, வீண்செலவு எங்கே போகிறது என்றும் பார்க்கச் சொல்கிறோம். காருக்கும் அதே அறிவுரை பொருந்தும் என்பதை அந்தத் தாள் எனக்குக் காட்டியது.

ஜபேக் நெடுஞ்சாலையில் ஒரு நாள்

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1953 மே மாதம், இதே ட்ரயம்ஃப் நிறுவனம் டி.ஆர்.2 என்ற தன் புதிய ஸ்போர்ட்ஸ் காரைப் பெல்ஜியத்தின் ஜபேக் நெடுஞ்சாலைக்குக் கொண்டுசென்றது. ஓட்டியவர் கென் ரிச்சர்ட்சன். மேற்கூரையும் பக்கத் திரைகளும் பொருத்திய சாதாரணப் பயண வடிவில் கார் மணிக்கு ஏறத்தாழ 185 கி.மீ. ஓடியது. முன்கண்ணாடியைக் கழற்றிச் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, பயணி இருக்கையை உலோகத் தகட்டால் மூடி, காரின் அடிப்பகுதிக்கும் தகடு அடித்து, பின்சக்கரங்களையும் மறைத்து ஓட்டியபோது வேகம் 201 கி.மீ. ஆயிற்று. வேறுபாட்டை உண்டாக்கியவை சில தகடுகளே.

சிறிய எஞ்சினைக் கொண்டு பெருவேகம் கண்ட மற்றொரு எடுத்துக்காட்டு எம்.ஜி. நிறுவனத்தின் ஈ.எக்ஸ்.181. நீர்த்துளி வடிவிலான அந்தக் காரில், ஓட்டுநர் முன்பகுதியில் ஏறக்குறைய படுத்த நிலையில் இருப்பார். எஞ்சின் அவருக்குப் பின்னே. 1957 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புச் சமவெளியில், ஸ்டெர்லிங் மாஸ் அதை மணிக்கு 395 கி.மீ. ஓட்டினார். எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். அதில் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் இருந்தது உண்மை. ஆயினும் அந்தத் திறனை முழுதும் வேகமாக மாற்றியது வடிவமே. 1959-இல் ஃபில் ஹில் அதே காரை 410-க்குக் கொண்டுசென்றார்.

நம் பொறியாளர் ஜபேக் வழியைத் தேர்ந்தார். முன்கண்ணாடியும் அதன் சட்டமும் கழன்றன. பயணி இருக்கைக்கு அலுமினிய மூடி. எஞ்சினுக்குக் கீழே வழவழப்பான தகடு. சக்கரங்களுக்குத் தட்டையான வட்டத் தகடுகள். ரேடியேட்டருக்கு முன்னுள்ள திறப்பில் பாதியை மூடினார். ஓட்டம் இரண்டு நிமிடங்களுக்குள் முடிவதால் எஞ்சின் சூடேற நேரமில்லை. உள்ளே நுழையும் காற்றோ பெருந்தடை. எல்லாவற்றையும் காரில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே திருகாணியால் பொருத்தினார். புதிய துளை ஒன்றுகூட இடவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

கியர் சொல்லும் உண்மை

திறன் போதுமானதாக இருந்தாலும் அது சரியான சுழற்சியில் கிடைக்க வேண்டும். இந்த எஞ்சின் தன் உச்சத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 5,750 சுழற்சிகளில். டயர் ஒரு முறை உருண்டால் 1.8 மீட்டர் கடக்கிறது எனக் கொண்டால், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,480 முறை சுழலும். காரின் பின்னச்சில் இருந்த பல்சக்கர விகிதம் 4.11. பெருக்கினால் எஞ்சின் 6,080 சுழற்சிகளைத் தாண்ட வேண்டும். அங்கே திறன் இறங்கத் தொடங்கிவிடும். பின்னாளில் வந்த ஸ்பிட்ஃபயர்களில் இந்த விகிதம் 3.89. அதைப் பொருத்தினால் கணக்கு 5,760-இல் வந்து நிற்கிறது. பயன்படுத்திய பின்னச்சு ஒன்றைத் தேடி வாங்கியதுதான் அவர் செய்த ஒரே பெரிய இயந்திரச் செலவு.

நிறுத்தத் தெரிந்த பின் ஓட்டுக

வேகத்துக்கான தயாரிப்பில் பாதிக்கு மேல் பாதுகாப்புக்கே செல்கிறது. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் டயரின் ஓரத்தில் உள்ள ஒவ்வொரு துணுக்கும் தன் எடையைப் போல் எழுநூறு மடங்கு விசையுடன் வெளியே இழுக்கப்படுகிறது. பத்து கிராம் ரப்பர் ஏழு கிலோவைப் போல் இழுக்கும். எனவே டயரின் வயதும் தரமும் உயிர்நாடியானவை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். அளவை அடுத்து வரும் ஆங்கில எழுத்து வேக வரம்பைக் குறிக்கும். எஸ் எனில் மணிக்கு 180 கி.மீ.; எச் எனில் 210; வி எனில் 240. இதை நம் அன்றாடக் கார்களிலும் இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் என்ற பாகம். ஹெரால்டு வைத்திருந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். கிரீஸுக்குப் பதில் கியர் எண்ணெய் இட வேண்டிய இந்த இடத்தைக் கவனியாமல் விட்டால், தேய்ந்து முறிந்து சக்கரமே சாய்ந்துவிடும். இத்தகைய பாகங்களையும் சக்கரப் போல்ட்டுகளையும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்பினார். பாகத்தைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் துகள்களைத் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலின் மேல் அவை கோடாகத் திரளும். புணேயில் இதைச் செய்துதரும் கூடங்களுக்குக் குறைவில்லை. ஒரு பக்கத்து ட்ரன்னியன் தண்டில் மெல்லிய கோடு தெரிந்தது. புதிய பாகத்தின் விலை சில ஆயிரம் ரூபாய். அந்தக் கோட்டைப் பாராமல் ஓட்டியிருந்தால் ஏற்படக்கூடிய இழப்புக்கு விலை ஏது?

முதல் தலைமுறை ஸ்பிட்ஃபயருக்கு மற்றொரு குறையும் உண்டு. நெருக்கடியில் திரும்பும்போது பின்சக்கரம் உள்நோக்கி மடங்கக்கூடும். அதைத் தடுக்கப் பின்பகுதியைத் தாழ்த்தி, சக்கரத்தின் இறக்கத்துக்கு எல்லை வைத்தார். எரிபொருள் குழாய்களையும் மாற்றினார். அந்நாளைய ரப்பர், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்காது. இவற்றுடன் திருகாணியால் பொருத்தும் எஃகுக் குழாய்க் கூண்டு, ஐந்து முனை இருக்கைப்பட்டை, தீயணைப்பான், மின்சாரத்தை ஒரே அசைவில் துண்டிக்கும் விசை, தலைக்கவசம், தீத்தாங்கும் உடை ஆகியனவும் சேர்ந்தன.

எங்கே ஓட்டுவது?

பான்வில்லில் 1949 முதல் ஆண்டுதோறும் வேக வாரம் நடத்தப்படுகிறது. மழையோ ஈரமோ கெடுத்த ஆண்டுகள் தவிர, உலகெங்கிலுமிருந்து சிறிய பழைய கார்கள் அங்கே கூடுகின்றன. அங்கே நீண்ட தூரம் எதற்கு என்பதற்கும் கணக்கு உண்டு. நம் ஸ்பிட்ஃபயர் 130 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது, தடைகள் போக அதை முன்தள்ள எஞ்சுவது 43 கிலோ அளவு விசை. 150-இல் எஞ்சுவது 13 கிலோவே. உச்சத்தை நெருங்க நெருங்க மிச்சம் கரைவதால், கடைசிச் சில கிலோமீட்டர் வேகத்துக்கே பெருந்தொலைவு தேவைப்படுகிறது.

இந்தியாவில் வேகத்தின் முதல் பள்ளிகள் விமான ஓடுதளங்களே. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய போர்க்கால ஓடுதளத்தில் நடத்திய பந்தயங்களைப் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். புணேக்கு அருகே ஆம்பி வேலி ஓடுதளத்தில் கால் மைல் முடுக்கப் போட்டிகள் நடந்துள்ளன. 2021-இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 11.3 கி.மீ. நீளமுள்ள அதிவேகச் சோதனைத் தடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே நம் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் மின்சாரக் கார் ஒன்றை மணிக்கு 350 கி.மீ.க்கு மேல் ஓட்டினார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுச் சாலை இதற்கான இடம் அன்று. மாநில அரசின் எழுத்துமூல ஒப்புதல் இன்றிப் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விரைவுச்சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும் சட்டம் மாறாது.

நான் செய்த பிழை

இங்கே என் தவறொன்றை ஒப்புக்கொள்கிறேன். "விரிவான காப்பீடு இருக்கிறதே, பின் ஏன் கவலை?" என்று தொடக்கத்தில் அவரிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலை என் காரின் பாலிசியையே எடுத்து முழுதும் படித்தேன். பயன்பாட்டு வரம்புகள் என்ற பகுதியில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி ஆகியவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் புதுப்பித்துவந்த தாள் அது. தனிநபர் விபத்துக் காப்பீடுகளிலும் பந்தயம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். மறுநாள் காலை அவரைத் தொலைபேசியில் அழைத்துத் திருத்திச் சொன்னேன். நிகழ்ச்சி அமைப்பாளர்கள் எடுக்கும் காப்பீடு எதை, எவ்வளவு ஈடுசெய்யும் என்று அவர் எழுத்தில் கேட்டு வாங்கினார்.

இரண்டாவது தாள், பதிவுச் சான்றிதழ். 2021 ஜூலையில் நடுவண் அரசு பழங்கால வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்ததாகவும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் பேணப்பட்டதாகவும் இருக்கும் வாகனமே இத்தகுதியைப் பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுகளுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிய துளை இடாமல், பற்றவைக்காமல், எஞ்சினைத் தொடாமல் அவர் காத்ததன் காரணம் இதுதான். பட்டறையின் பட்டியலை ஏற்றிருந்தால் பதினோரு லட்சத்துடன் இந்தத் தகுதியும் போயிருக்கக்கூடும். பழங்கால வாகனமாகப் பதிந்தபின் அன்றாடப் பயணத்துக்கு அதை எடுக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்க.

இன்றைய கார்களுக்கும் இது பொருந்தும். தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. கடன் நிலுவையில் உள்ள வாகனம் வங்கியின் பிணையம் ஆதலால், எந்த மாற்றத்துக்கும் முன் கிளையை அணுகுவது கடமை.

வைப்பு முறியவில்லை

செலவு பதினோரு லட்சத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை லட்சமாகச் சுருங்கியதும், வைப்பை முறிக்கும் தேவையும் மறைந்தது. முதிர்வுக்கு முன் முறித்தால், வைப்பு இருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும். அதிலும் ஒரு பகுதியைக் கழிப்பது வழக்கம். அதற்குப் பதில் வைப்பின் மீது கடன் பெற்றார். வைப்பின் வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டி, எடுத்த தொகைக்கு மட்டும். பன்னிரண்டு லட்சமும் தொடர்ந்து வட்டி ஈட்டியது. பதினான்காம் மாதம் வைப்பு முதிர்ந்தபோது கடன் ஏறக்குறைய அடைந்திருந்தது.

கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூடிய தடமொன்றில் நடந்த நிகழ்ச்சிக்கு முதல் முறை கொண்டுசென்றபோது, தொழில்நுட்பச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் நான்கு இலக்க எண் அதன் வயதைப் பதினொன்று என்று காட்டியது. எல்லாவற்றையும் கணக்கிட்டவர், பெட்டியிலிருந்த டயரின் தேதியைப் பார்க்க மறந்திருந்தார். புதிய டயர்களுடன் அடுத்த முறை சென்றார். ஜி.பி.எஸ். கருவி காட்டிய உச்சம் 153. தடம் இன்னும் சற்று நீண்டிருந்தால் கூடியிருக்கும் என்றார். குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது முன்கண்ணாடி மீண்டும் தன் இடத்தில் இருக்கிறது. அலுமினிய மூடியும் தகடுகளும் பரணில் உள்ளன. சென்ற மாதம் பழங்கால வாகனப் பதிவுக்கான கட்டணம் கட்டக் கிளைக்கு வந்தவர், முதிர்ந்த வைப்பை மீண்டும் மூன்றாண்டுகளுக்குப் புதுப்பித்துச் சென்றார்.

வாகனமாயினும் வீடாயினும், ஆசை ஒன்றுக்காகச் சேமிப்பைத் தொடும் முன் மூன்றைச் செய்யுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீணாவது எங்கே என்று முதலில் அளந்து பாருங்கள். காப்பீட்டின் விலக்குப் பகுதியை ஒரு முறையேனும் முழுதும் படியுங்கள். வைப்பை முறிக்கும் படிவத்தில் கையொப்பமிடும் முன், வேறு வழி உண்டா என்று உங்கள் கிளையில் கேளுங்கள். கூடவே, உங்கள் காரின் டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் இன்று பார்த்துவிடுங்கள்.